சின்ன மாப்பிள்ளை கட்டிய சுவர்

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் சந்தில் இரண்டு குரோம் பிளேட்டிங் பட்டறைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. நாலு கதவு தள்ளி இருந்தது என் சகலையுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பேச்சில் நான் அவரை 'வாங்க தம்பி, போங்க தம்பி' என்றுதான் சொல்வேன். மனசுக்குள் எப்போதும் அவன், இவன்தான். மனசில் இருந்தபடியே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவன் பட்டறை போட்டான். அதற்கு முன் அந்தச் சந்தில் நான் மட்டும்தான். சைக்கிள் ஹேண்டில்பார், குழாய்த் தலை, நாற்காலிக் கால் என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆசிட்டில் கழுவி, நிக்கல் ஏற்றி, கடைசியாகக் குரோம் தொட்டியில் முக்கி எடுத்தால் முகம் பார்க்கலாம். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டுப் பத்து வருஷம் கைவெந்து கற்றுக்கொண்ட வேலை அது. அவன் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. அபிராமபுரத்தில் இருந்த மாமனார் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் எங்களை அறிமுகப்படுத்தும் விதமே தனி. "இவர் பெரிய மாப்பிள்ளை, பட்டறை வச்சிருக்கார். இவர் சின்ன மாப்பிள்ளை, கெமிஸ்ட்ரி படிச்சவர், பிளேட்டிங் யூனிட் நடத்தறார்." செய்கிற வேலை ஒன்று. அவனுக்கு யூனிட், எனக்குப் பட்டறை.

வந்த இரண்டாம் வருஷம் அவன் ஒரு காரியம் செய்தான். பட்டறைக்குள் தொட்டிகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர் எழுப்பினான். உள்பக்கம் ஆசிட் அரிக்காத பூச்சு. தொட்டியில் விரிசல் விட்டால் கரைசல் வெளியே ஓடக் கூடாது, மழைக்கு வெள்ளம் ஏறினால் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது என்று இரண்டுக்குமாகக் கட்டியதாம். எங்கள் தொட்டிகள் பாதிக்குமேல் தரையில் புதைந்தவை. விளிம்பு முழங்காலுக்கும் கீழேதான். சந்துக்குப் பின்னால் குடிசைகள், அவர்களுக்கென்று ஒரே ஒரு கைப்பம்பு, அதைத் தாண்டினால் அடையாறு. குரோம் கரைசல் ஒரு சொட்டு விழுந்தால் ஒரு குடம் தண்ணீர் மஞ்சளாகிவிடும். குடித்தால் குடல் போய்விடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, சுவர் கட்டத் தோன்றியது அவனுக்குத்தான்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "ஊட்டுக்குள்ள ஊடு கட்டிகிறாரு" என்றார் எதிர்க்கடை லேத்துக்காரர். என் சிரிப்புதான் கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கும்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்தார். இரண்டு பட்டறைகளையும் பார்த்துவிட்டு ஒருவருக்கு மொத்த வேலையும் தருவதாகப் பேச்சு. என் சாமானை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஃபினிஷ் பிரமாதம்" என்றார். அவன் சாமானைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் சுவரைப் பார்த்தார். குனிந்து பூச்சைத் தடவிப் பார்த்தார். நின்று அரைமணி நேரம் பேசினார். வேலை அவனுக்குப் போயிற்று.

அன்று ராத்திரி மயிலாப்பூரில் எங்கள் போர்ஷனில் சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீங்களும் ஒரு சுவர் கட்டியிருக்கலாம் இல்ல?"

"ஃபினிஷ் என்னுதுதான் நல்லா இருக்குன்னு அந்தாளே சொன்னான்."

"அதான் சொல்றேன். ஃபினிஷும் இருந்து சுவரும் இருந்தா உங்களுக்கே வந்திருக்கும்."

அவள் நியாயமாகத்தான் சொன்னாள். அதனாலேயே அந்த ரசம் இறங்கவில்லை.

மறுவாரம் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவன் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் பட்டறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தோம். "அதே மாதிரி வேணும். அதைவிட ரெண்டு வரி செங்கல் கூட வை" என்றேன். எதற்கு என்று கொத்தனார் கேட்டார். "வை" என்றேன். தொட்டி வேலை பார்க்கும் என் ஆள், எனக்கு மூத்தவர், சாமானைக் கம்பியில் கோத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சுவரைத் தாண்டித் தாண்டி வெறுத்துப்போனார். "இன்னா சார் இது, தொடை ஒயரம் கட்டிக்கீறே. குதிர மேல ஏர்ற மாரி கீது" என்பார். நான் வாசலில் நின்று இரண்டு சுவர்களையும் மனசில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். என்னுடையது உயரம். அந்த வருஷம் எனக்கு இருந்த நிம்மதி அவ்வளவுதான்.

ஐப்பசி கழிந்து மழை பிடித்தது. நாலைந்து நாளாக விடவில்லை. ஒரு மத்தியானம் அவன் குடையைப் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணே, ஏரியைத் திறக்கறாங்களாம். ஆறு ஏறும். நான் கரைசல் மொத்தத்தையும் டிரம்முக்கு மாத்திப் பரண்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். உங்களுதையும் ஆள் விட்டு ஏத்திரலாமா?"

"எதுக்குத் தம்பி? சுவர் இருக்கே."

"சுவர் இருக்கு. வடிகால் குழாய்க்கு என்ன போட்டிருக்கீங்க?"

அவன் என்ன கேட்கிறான் என்றே எனக்குப் புரியவில்லை. படித்தவன் என்று காட்டிக்கொள்ள வந்திருக்கிறான் என்றுதான் பட்டது. "என் சுவர் உங்களுதைவிட ஒசரம் தம்பி" என்றேன். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிண்ணே, ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று போய்விட்டான்.

மறுநாள் காலை மயிலாப்பூரில் மாடவீதி முழுக்க தண்ணீர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நந்தனம் வரை உருட்டியும் ஓட்டியும் போனேன். சைதாப்பேட்டைப் பாலத்தில் ஜனங்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்று ஆற்றை வேடிக்கை பார்த்தார்கள். ஆறு காவி நிறத்தில், கூரை, மரக்கிளை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயிற்று. எங்கள் சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என் ஆள் பட்டறை வாசலிலேயே நின்று கத்தினார்.

"சார், உள்ள வந்து பாரு! தண்ணி செவுத்துக்கு உள்ளாற ஏறிக்கினே கீது!"

போய்ப் பார்த்தேன். சுவருக்கு வெளியே இருந்த அளவை எட்டிப்பிடிக்க உள்ளேயும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு கசிவும் இல்லை. சுவருக்குள் தரையில் சாமான் கழுவும் தண்ணீர் போக ஒரு துவாரம் உண்டு, அங்கிருந்து குழாய் சந்து வடிகாலுக்குப் போகும். வடிகால் நிரம்பியதும் அந்தக் குழாய் வழியாகவே வெள்ளம் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. துவாரம் இருந்த மூலையில் தண்ணீர் கொப்பளித்தது. குரோம் தொட்டி விளிம்புக்கு நாலு விரல்தான் பாக்கி. அப்போதுதான் அவன் கேட்ட கேள்வி புரிந்தது. வாசலில் நின்று பார்த்தால் தெரிவதை மட்டும் நான் கட்டியிருந்தேன். தண்ணீர் திரும்பி வராதபடி தன் குழாய்க்குள் அவன் ஒரு வால்வு போட்டிருந்தது வெளியே தெரியவில்லை.

நான் கூப்பிடவில்லை. என் ஆள்தான் ஓடினார். அடுத்த நிமிஷம் அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். ஒரு கையில் செதுக்கிய மரக்கட்டை, இன்னொரு கையில் கிழிந்த சைக்கிள் டியூப். சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, முழங்கைக்கு மேல்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துவாரத்தைத் தேடினான். கட்டையில் டியூப்பைச் சுற்றி அழுத்தினான். நான் சுத்தியலை நீட்டினேன். தண்ணீருக்குள்ளேயே நாலு அடி அடித்து இறுக்கினான். கொப்பளிப்பு நின்றது. விளிம்புக்கு இரண்டு விரல் பாக்கி.

நான் வாளியை எடுத்து உள்ளே இருந்த தண்ணீரை மொண்டு வாசலுக்கு வீசப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வெளிய ஊத்தாதீங்க அண்ணே. லேசா மஞ்சளா இருக்கு பாருங்க. தொட்டி அலைஞ்சு கொஞ்சம் கலந்திருக்கு. வெளிய போனா நேரா கைப்பம்புக்குத்தான் போகும்."

"பின்ன எங்க ஊத்தறது?"

"என்கிட்ட காலி டிரம் இருக்கு."

மூடியை இறுக்கி, நீல டிரம்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் மொண்டு மொண்டு ஊற்றினோம். பிறகு தொட்டியிலிருந்த கரைசலையும் கையால் சுற்றும் சின்ன பம்பு வைத்து இறைத்து டிரம்களில் அடைத்தோம். வெளியே தண்ணீர் இன்னும் ஏறியது. என் சுவரின் உச்சிக்கு ஒரு செங்கல் கீழே வந்து நின்றது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அவன் அதைப் பார்த்து, "இந்த ரெண்டு வரி இல்லன்னா போயிருக்கும் அண்ணே" என்றான். நான் எதற்காக அந்த இரண்டு வரி வைத்தேன் என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் அவன் பட்டறைக்குப் போனோம். அங்கே வெள்ளம் அவன் சுவரைத் தாண்டி உள்ளே போயிருந்தது. தொட்டிகளை முந்தின நாளே காலி செய்திருந்ததால் கரைசல் ஒன்றும் போகவில்லை. ஆனால் தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ரெக்டிஃபையர் பெட்டி பாதி மூழ்கிக் கிடந்தது. "காலையில இதைத் தூக்கி வைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க ஆள் வந்துட்டாரு" என்றான். குற்றம் சொல்லும் குரலில்லை. விஷயத்தைச் சொல்லும் குரல். எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் சுவர் தோற்றது என்று உள்ளே குளிர்ந்தது. உடனே அது கசந்தும் போயிற்று. அவன் பெட்டி மூழ்கியது என் பட்டறையில் அவன் நின்றதால்தான். ஊர் முழுக்க இனி அதைத்தான் சொல்லும். இழந்தும் பேர் வாங்குகிறவனோடு எப்படிப் போட்டி போடுவது?

வெள்ளம் வடிந்தபின் டிரம்களில் இருந்த மஞ்சள் தண்ணீரை அவன்தான் சரிசெய்தான். கொஞ்சம் ஆசிட் விட்டு, ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கினான். மஞ்சள் மங்கி, கண்ணெதிரே பச்சையாக மாறியது. பிறகு சுண்ணாம்பு போட்டான். பச்சை திரிதிரியாகி அடியில் படிய, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. "இனிமே இது கொல்லாது அண்ணே. அந்த வண்டலை மட்டும் தனியா வச்சிருங்க" என்றான். என் ஆள் வாயைப் பிளந்து பார்த்தார். நானும்தான் பார்த்தேன். பத்து வருஷம் அந்தக் கரைசலோடு குடித்தனம் நடத்தியும் அதை இப்படி அடக்கலாம் என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லையே என்று வயிறு எரிந்தது.

அவன் ரெக்டிஃபையர் ரிப்பேராகும் வரை அவன் கம்பெனி வேலை என் தொட்டியில்தான் ஓடியது. நானாகச் சொன்னேன், "இங்க வந்து போட்டுக்கங்க தம்பி" என்று. சொன்ன பிறகு என் ஆளே என்னை ஒரு மாதிரி பார்த்தார். தினமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவனுக்கு நிக்கல் ஏற்றும்போது ஓரங்கள் கருகும், சாமானை எப்படித் தொங்கவிடுவது என்று தெரியவில்லை. காட்டிக் கொடுத்தேன். "அட, இதுதானா!" என்று குழந்தை மாதிரி சிரித்தான். பொறாமை இல்லாதவன் சிரிக்கும் சிரிப்பு. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன்.

அப்போதுதான் அவன் வலதுகை விரலிடுக்கில் புண்ணைக் கவனித்தேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த புண், குரோம் தின்ற குழி. என் தண்ணீருக்குள் துவாரம் தேடிய கை.

"மருந்து போட்டீங்களா?"

"ஆறிடும்ணே."

"ஆறாது. வாங்க." டி.நகரில் எனக்குத் தெரிந்த தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

என் குழாய்க்கு வால்வு போட்டேன். அவனே வந்து இடம் காட்டினான். அடுத்த மழைக்கு முன்னால் சந்தில் இருந்த ஆசிட் வேலைக்காரர்கள் எல்லோரும் சுவர் எழுப்பினார்கள், வால்வும் போட்டார்கள். கைப்பம்புக்கு மேடை கட்டி உயர்த்தினோம். அதற்குப் பிறகும் மழை வந்தது, ஆறும் ஏறியது. கைப்பம்பில் ஒருநாளும் மஞ்சள் வரவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. அவன் வண்டி தண்ணீரில் கிடந்து ஸ்டார்ட் ஆகவில்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தான். மழைச் சகதியில் வழி முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான், நான் மெதுவாகவே ஓட்டினேன். அபிராமபுரம் வீட்டு கேட்டை மாமனாரே வந்து திறந்தார். விஷயம் எல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது. முகமெல்லாம் பூரிப்பு.

"வாங்க சின்ன மாப்பிள்ளை, வாங்க வாங்க" என்று அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவன் திரும்பி, "அண்ணே, வாங்க" என்றான்.

"நீங்க போங்க தம்பி, வண்டியை நிறுத்திட்டு வரேன்" என்றேன். ஸ்டாண்டு போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.