பயிற்சி நாளில் கிடைத்த நட்சத்திரம்

வானியல் படித்தவர்கள் என்றால் மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்போம் என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நான் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வானம் கணினிக்குள் இருக்கிறது. உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களையும் அளவுகளையும் பொதுவில் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றைத் திறக்கவும், ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் வேண்டிய மென்பொருளும் இலவசம்தான். ஆனால் எடுத்துக் கையாளத் தெரிய வேண்டுமே. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நானும் என் தோழியும் திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரிக் கணினி அறையில் ஒரு பயிற்சி நடத்தினோம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டே வானியல் ஆய்வும் செய்கிறவர்கள் வந்திருந்தார்கள்.

தோழி திண்டுக்கல்காரி. அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா, தோல் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பிரியாணிக் கடை வைத்தவர். நான் எரியோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். இருவரும் ஒரே வயது, ஒரே துறை. நான் முன்பே டாக்டர் பட்டம் வாங்கி நிரந்தர வேலையில் இருந்தேன். அவள் தற்காலிகம், ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். வயது வரம்பும் நெருங்கிவிட்டதால் இதை விட்டால் அவளுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது.

அவளுடைய ஆய்வேடு முடிந்து, கொடுக்க வேண்டியதுதான் பாக்கியாக இருந்தது. அது காணாமற்போன ஒரு நட்சத்திரத்தைப் பற்றியது. பழைய கண்ணாடித் தகட்டுப் படம் ஒன்றில் பளிச்சென்று இருக்கும் நட்சத்திரம், இன்றைய பட்டியல்களில் அந்த இடத்தில் இல்லை. அது எப்படி அணைந்திருக்கும் என்பதுதான் ஆய்வு. அவளுடைய அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நட்சத்திரத்தைத் தேட அவள் எழுதிய கணினி நிரலையே பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏண்டி, தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஊருக்கே திறந்து விடணுமா? வேற பயிற்சியே கிடைக்கலையா ஒனக்கு?"

"பொதுவுல இருந்துதான எடுத்தேன், பொதுவுலயே வைக்கிறேன். என்னோடத ஒளிச்சு வச்சுக்கிட்டு அடுத்தவங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?"

அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. நிரலை இணையத்தில் ஏற்றினாள். பயிற்சியன்று காலை எல்லாருடைய திரையிலும் அதே பழைய படம், அதே நட்சத்திரம். அடுத்து புதிய படம், வெற்றிடம். எல்லாருக்கும் அவளுக்கு வந்த விடையே வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அப்போது கீரனூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு விரிவுரையாளர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க மேடம், நான் என்னத்தையோ தப்பா அமுக்கிட்டனுங்க. இது நகருதுங்க."

நாங்கள் இருவரும் அவர் பின்னால் போய் நின்றோம். பயிற்சியில் இல்லாத இன்னொரு படத்தைத் திறந்து வைத்திருந்தார். பழையதற்கும் புதியதற்கும் இடைப்பட்ட காலத்தில் எடுத்தது. மூன்றையும் வரிசையாக மாற்ற மாற்ற, நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. கடைசிப் படத்தில், வேறு ஏதோ நட்சத்திரம் என்று நாங்கள் நினைத்திருந்த பக்கத்துப் புள்ளியில் போய் நின்றது.

நட்சத்திரங்களும் நகரும். நமக்கு அருகில் இருப்பவை பல ஆண்டுகளில் படத்தில் தெரியும் அளவுக்கு இடம் மாறும். அதனால் பழைய படத்தோடு ஒப்பிடும்போது, இன்றைய இடத்தை அந்தப் படம் எடுத்த காலத்துக்குப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் இரண்டாயிரமாவது ஆண்டுவரை கொண்டுபோய் நிறுத்திவிடும், பட்டியல்கள் வழக்கமாக அந்த ஆண்டுக்கே எழுதப்படுவதால். அவளுடைய தகடோ அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது. முழுதும் கொண்டுபோய்விட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது பாதி வழியில் நின்றுவிட்டது. அதனால்தான் இடம் மாறிய நட்சத்திரம் அணைந்துபோனதாகத் தெரிந்தது. நிரலை வாசித்த எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை, அவளுடைய கைடு உட்பட.

எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொன்னதை மட்டும் செய்தால் என்ன? எதற்காக இல்லாத படத்தையெல்லாம் திறக்க வேண்டும்? 'மூடிட்டுத் திரும்பத் திறங்க சார்' என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இன்னொரு தடவ மாத்துங்க சார்," என்றாள். மாற்றினார். பிறகு என்னிடம், "இத புரொஜெக்டர்ல போடு" என்றாள்.

பெரிய திரையில் நட்சத்திரம் நகர்ந்தபோது அறையில் கைதட்டினார்கள். "சூப்பர் மேடம், வேணும்னே தப்பு வச்சுக் குடுத்திருக்கீங்க!" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மறுக்கவில்லை. "எங்க தப்புன்னு கண்டுபிடிங்க பாப்போம்," என்று மட்டும் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

மதியம் அத்தா பிரியாணி தேக்சாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மகள் நடத்தும் பயிற்சிக்குத் தன் கடைப் பிரியாணிதான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அவரே பரிமாறவும் செய்தார். கீரனூர்க்காரரிடம் வந்தபோது கரண்டியோடு நின்று கேட்டார்.

"பாத்தீங்களா, எம்மக நட்சத்திரத்த?"

அது அவளுடைய ஆய்வேட்டு நட்சத்திரம் என்று அந்த விரிவுரையாளருக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். "பாத்தமுங்க. இருக்குதுங்க."

"இருக்கா? காணாமப் போச்சுன்னுல்ல இந்தப் புள்ள சொல்லுச்சு?"

"கிடைச்சிருச்சு அத்தா," என்றாள் அவள். "இன்னைக்குத்தான் கிடைச்சுச்சு."

"அல்ஹம்துலில்லா!" கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். "இம்புட்டு நாளாத் தேடுனது வீண்போகல பாத்தியா!" என்று சொல்லி, அந்த விரிவுரையாளரின் இலையில் கறியாகப் பொறுக்கி அள்ளி வைத்தார். அந்த மனிதர் சாப்பிடவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். காலையில் வந்த ஆத்திரம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

கை கழுவும் இடத்தில், "அவருகிட்டச் சொல்லுடி," என்றேன்.

"என்னன்னு சொல்ல? நட்சத்திரம் கிடைச்சதுனால எம்பொழப்பு போச்சுன்னா?"

"அப்ப செத்த நாள் பேசாம இரு. தீசிஸ குடுத்துட்டு, வேல வந்தப்புறம் திருத்திக்கலாம். இங்க வந்தவங்க எல்லாம் பயிற்சின்னுதான நெனைக்கிறாங்க? யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியாட்டியும் அது நகரத்தான செய்யும்," என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவில் கையைத் துடைத்தாள்.

அன்று பிற்பகலே திருத்திய நிரலை அவளே ஏற்றினாள். பிழையைக் கண்டவர் என்று கீரனூர்க்காரர் பெயரை முதலில் போட்டாள். கைடுக்கும் எழுதிவிட்டாள். ஆய்வேட்டை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரந்தர வேலைக்கான அறிவிப்பு வந்தது, அவளில்லாமலே முடிந்தும் போனது. அடுத்த ஆண்டு அவளுடைய தற்காலிக வேலையையும் நீட்டிக்கவில்லை.

அந்தப் பயிற்சியை இப்போது நான் தனியாக நடத்துகிறேன். அவளுடைய பழைய நிரலைத்தான் இன்னும் கொடுக்கிறேன், பிழையோடு. நட்சத்திரம் நகரும்போது ஒவ்வொரு முறையும் கைதட்டுகிறார்கள்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் அவள்தான் இருந்தாள். அத்தா, தாடிக்கொம்பிலிருந்து வந்திருந்த யாரோ ஒருவரிடம் அவளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "காணாமப் போன நட்சத்திரம் எம்மக தேடுனதாலதான் கிடைச்சுச்சு." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் பார்சலை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.