பெருநாள் லீவுக்கு ஒரு பிரைமரி

பஹ்ரைனில், மனாமா குதைபியாவில், எங்களுக்கு விசா தந்த அரபு முதலாளியான கஃபீலுக்கு இரண்டு தையல் கடைகள். இரண்டுக்கும் சேர்த்து ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரே ஒருவருக்குத்தான் லீவு. யார் போவது என்பதை, அண்ணன் என்ற முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மூத்த டெய்லர்தான் முடிவு செய்வார். விதியும் அவர் வாயில், லிஸ்டும் அவர் கையில், குறை இருந்தால் போய்ச் சொல்ல வேண்டியதும் அவரிடமே. பெரும்பாலும் அவரே போய் வந்துவிடுவார். என் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். போட்டோவில்தான் பார்த்திருந்தேன். வயிறு எரியாதா?

அந்த வருடம் ஒரு அமெரிக்கக் கடற்படைக்காரர் பேன்ட் நீளம் குறைக்க வருவார். கடை டீவியில் எந்நேரமும் அவர் நாட்டுத் தேர்தல். ஒரே கட்சிக்காரர்கள் மாறி மாறித் திட்டிக்கொள்வதைப் பார்த்து, கட்சி உடைந்துவிட்டதா என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். சிரித்தார். இது பிரைமரியாம். மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முதலில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்களாம். எதிர்க்கட்சியோடு மோதல் பிறகுதானாம்.

ஜெயித்த ஜனாதிபதி இஷ்டத்துக்கு ஆடலாமா என்றேன். முடியாது என்றார். சட்டம் போடுவது காங்கிரஸ். நம் ஊர்க் கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர். நடத்துவது ஜனாதிபதி. யார் சட்டத்தை மீறினாலும் நிறுத்துவது கோர்ட்.

அன்று மத்தியானச் சோற்றில் கை வைத்ததும் எனக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"காக்கா, ஜனாதிபதியும் நீங்க, காங்கிரஸும் நீங்க, கோர்ட்டும் நீங்களேவா?"

காக்கா திகைத்துப்போனார். விளக்கம் சொன்னதும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து இரண்டு கடைக்காரர்களும் கூடி விதி போட்டோம். முதலில் ஓட்டுப் போட்டுக் கடைக்கு ஒரு வேட்பாளர், பிறகு அந்த இருவருக்குள் பொது ஓட்டு. லிஸ்ட் எழுதுவது காக்கா. வழக்கு வந்தால் தீர்ப்பு சொல்வது ரூம் சமையல்காரர். அவருக்குத் தனி லீவு, எங்கள் போட்டியில் அவர் இல்லை.

எங்கள் கடையில் நான் ஜெயித்தேன். ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் வருகிறேன் என்று சொன்னேன். மகளுக்கு ஒரு பூப்போட்ட கவுன் வாங்கி, அட்டைப்பெட்டி கட்டி, கயிறு போட்டு, மேலே கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதினேன். கடற்படைக்காரர் பெட்டியைப் பார்த்து, "நீ ஜெயித்தது பிரைமரிதானே?" என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

பொது ஓட்டில் ஒரு ஓட்டில் தோற்றேன். ஜெயித்தவர் ஊரைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் காக்கா லிஸ்டில் என் பெயரை எழுதிவிட்டார்.

"பச்சப்புள்ள முகத்தையே பாக்காதவன். போயிட்டு வரட்டும்."

 அந்த அநியாயம் எனக்கு இனித்தது. அதை இன்றும் மறைக்க மாட்டேன். சமையல்காரர் என் ஊர்க்காரர். அவரே கரண்டியோடு வந்து நின்றார்.

"எழுதுறதுதான் ஒங்க வேலை காக்கா. யாருன்னு ஓட்டுல முடிஞ்சிருச்சு. கலாஸ்."

காக்கா என் பெயரை அடித்தார். நான் இரண்டு நாள் சமையல்காரரோடு பேசவில்லை. பிறகு எல்லோரும் மறுபடி கூடி, பொது ஓட்டில் தோற்றவருக்கு அடுத்த பெருநாள் என்று விதி சேர்த்தார்கள். சரி என்று தூக்கிய முதல் கை காக்காவுடையது. நோன்புப் பெருநாள் முடிந்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எழுபது நாள்தான். கயிற்றை அவிழ்த்து, கவுனை மட்டும் எடுத்து ஜெயித்தவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

கவுன் சரியாக இருக்கிறது என்று மனைவி போனில் சொன்னாள். பின்னால் மகளின் மழலை கேட்டது.

"அடுத்த பெருநாள்னு போன தடவையும் சொன்னீங்க மச்சான். இந்தத் தடவையும் காக்கா மாத்திட்டாருன்னா?"

"மாத்த முடியாது" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.