பட்டப்பகலில் எரிந்த விளக்குகள்

கிமோசோப் காரைப் பின்னுக்கு எடுத்தபோது சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றது. கிளினிக்கின் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் நர்ஸ் என்ன கத்துகிறாள் என்றே கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கினான்.

"குழந்தை குறுக்கே கிடக்கு! இங்கே வச்சுப் பார்க்க முடியாது. எல்டோரெட் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போ. ஆம்புலன்ஸை நம்பி நிக்காதே, அது எங்கேயோ போயிருக்கு. லேட் பண்ணினா ரெண்டு உசிரும் போயிடும். புரியுதா?"

புரிந்தது. பின் சீட்டில் அவன் மனைவி செமுதாய் ஒருக்களித்துப் படுத்து, போர்வையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில், அவனுக்கு இடது பக்கம், அவளுடைய அக்கா லேயா. மடியில் துணிப்பை, கையில் வெந்நீர் பிளாஸ்க்.

"பார்த்துக்கிட்டே இருந்தா வண்டி போயிடுமா மாப்ளே? உருளைக்கிழங்கு மூட்டை ஏத்தினா மட்டும் பறக்கிறே! என் தங்கச்சியை ஏத்தினதும் இந்த வண்டிக்கு என்ன நோவு வந்துச்சு?"

சக்கரம் பிடித்தது. கார் ரோட்டில் ஏறியது.

இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர், "மூடுபனியில கண்ணு ஏமாத்தியிருக்கும்" என்று சிரிக்கிறார்கள். சரி, கிமோசோப்பின் கண்ணைப் பனி ஏமாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேயாவின் கண்ணையும் அதே நேரத்தில் அதே மாதிரி ஏமாற்றியது எது? அதைச் சொல்லிவிட்டு அவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நான் அவனோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன். அவன் பொய் சொன்னால் அவன் காது சிவக்கும். இதைச் சொன்னபோது அவன் காது சாம்பல் நிறத்தில் இருந்தது.

அப்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். பட்டப்பகல். ஆனால் டிம்போரோவா மலை உச்சியில் நீண்ட மழைக் காலத்தில் பகல் என்பது பேருக்குத்தான். ஏறினதுமே கிமோசோப் முன் விளக்கைப் போட்டான்.

எதிரே வந்த லாரிக்காரன் உடனே தன் விளக்கை இரண்டு தரம் மினுக்கினான். ஜன்னல் வழியே கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து மூடி விரித்துக் காட்டினான். அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த சைகை அது. 'லைட் எரியுது, அணை.' அடுத்து வந்த பஸ்காரனும் அதையே காட்டினான்.

"அதான் ஊரே சொல்லுதுல்ல, அணைச்சுத் தொலையேன்" என்றாள் லேயா.

"மழை பெய்யுதே அக்கா."

"மழை பெஞ்சா வைப்பரைப் போடு. பகல்ல லைட்டு எரிய விட்டுட்டு யாரு போவா? பொண வண்டிக்குப் பின்னாடி போறவன் போவான். வயித்துப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப அந்தச் சகுனம் வேணுமா உனக்கு? ரோடு கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

அணைத்தான்.

சைப்ரஸ் காட்டுக்குள் ரோடு நுழைந்ததும் பனி இறங்கியது. முதலில் மரங்களின் உச்சி காணாமல் போயிற்று. பிறகு மரங்கள். பிறகு ரோட்டின் ஓரம். உருளைக்கிழங்கு விற்கிறவர்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள் கூடக் கண்ணில் படவில்லை. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து என்ன பயன்? கண்ணாடிக்கு வெளியே வெள்ளைதான்.

செமுதாய் முனகினாள். "அக்கா... வலி விட்டு விட்டு வரல. விடாம வருது."

"இதோ வந்துட்டோம் கண்ணு. உன் புருஷன் நத்தைக்கு அண்ணன். ஆனா வந்துடுவான்."

அப்போதுதான் முன்னால் இரண்டு சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன.

ஏதோ ஒரு வண்டியின் பின் விளக்குகள். கிமோசோப்புக்கு உயிர் வந்தது. பனியில் முன்னே போகிறவனைப் பிடித்துக்கொண்டால் போதும், அவன் கண்ணால் நாம் போய்விடலாம். நெருங்கினான்.

அந்த வண்டி மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மனிதன் நடக்கிற வேகம்.

ஹாரன் அடித்தான். அது ஒதுங்கவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு ஜோடி சிவப்பு. அதற்கும் முன்னால் இன்னொன்று. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. பின்னாலும் ஒரு வண்டி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முன் விளக்குகள் எரிய.

முன்னால் போகிற காரின் பக்கக் கண்ணாடியில், சாவுக்குப் போகிற வண்டிகளில் கட்டுகிற சிவப்பு நாடா கட்டியிருந்தது.

"பொண ஊர்வலம்" என்றாள் லேயா. குரல் இறங்கிவிட்டது. "நடுவுல மாட்டிக்கிட்டோம் மாப்ளே."

"முந்திடறேன்."

"பொணத்தை முந்தக் கூடாது..."

"நர்ஸ் என்ன சொன்னான்னு கேட்டேல்ல? ரெண்டு உசிரு அக்கா!"

அவன் வலது பக்கம் ஒடித்து ஏறினான். ஒரு காரைத் தாண்டினான். இன்னொன்று. ஒரு மினி பஸ். இன்னொரு கார். வரிசை முடியவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் முகங்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லாரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியது. என்ன என்றுதான் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு வண்டிகளைத் தாண்டிய பிறகு பிடிபட்டது.

எந்த வண்டியிலும் வைப்பர் ஓடவில்லை.

இத்தனை மழையில்.

கவனித்துப் பார்த்தான். சக்கரங்கள் தண்ணீரில் உருண்டன, ஆனால் தண்ணீர் தெறிக்கவில்லை. விளக்குகள் எரிந்தன. விளக்கு வெளிச்சத்தில் மழை கோடு கோடாகத் தெரிய வேண்டும், இல்லையா? தெரியவில்லை. அந்த வெளிச்சங்களுக்குள் மழையே இல்லை...

"மாப்ளே... எதிர்ல!"

எதிரே வெளிச்சம். பெரிய வண்டி. இடது பக்கம் வரிசையில் சரியாக ஒரு காருக்கு மட்டும் இடம் இருந்தது. யாரோ அவனுக்காகவே விட்டு வைத்த மாதிரி. வேறு வழியில்லை. ஒடித்து உள்ளே நுழைந்தான்.

எதிரே வந்த வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் எந்த வண்டியும் கடந்து போகவில்லை. வெளிச்சம் மட்டும் அணைந்தது.

இப்போது அவனுக்கு முன்னால் வேறு வண்டி இல்லை. நீளமான வெள்ளை வேன் மட்டும். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பூக்கள்.

பொண வண்டி.

"நிறுத்து" என்றாள் லேயா. "ஓரமா நிறுத்து, அவங்க போகட்டும்."

பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. வேகமும் குறையவில்லை. அதே நடை வேகம். பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்க நிரம்பியது. முட்டவில்லை. தள்ளவில்லை. ஆனாலும் கார் போய்க்கொண்டே இருந்தது.

போனை எடுத்தாள் லேயா. சிக்னல் இல்லை.

"ஜன்னல்ல பாரு" என்றாள் பிறகு.

வலது பக்கம், அவர்களோடு ஒட்டினாற்போல், ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அதில் தொப்பி வைத்த ஒரு கிழவர். அந்த ஊர்வலத்திலேயே அவர் ஒருவர்தான் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்தார். மூடினார். விரித்தார்.

லைட்.

"எரியலையே... அணைச்சுதானே இருக்கு?" என்றான் கிமோசோப்.

"போடச் சொல்றாரு" என்றாள் லேயா. "போடாதே. போட்டா நாமளும் அவங்கள்ல ஒருத்தர் ஆயிடுவோம். போடாதே மாப்ளே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

கிழவர் விரித்தார். மூடினார். விரித்தார்.

செமுதாய் அலறினாள். நீளமான அலறல். காருக்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே யாரும் திரும்பவில்லை.

"மாப்ளே..."

"என்ன?"

"நம்ம கண்ணாடியில..."

அவர்களுடைய காரின் பக்கக் கண்ணாடியில், லேயாவின் ஜன்னலுக்கு வெளியே, சிவப்பு நாடா ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

யார் கட்டினார்கள்? எப்போது?

முன்னால் வேன் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டது.

டிக்... டிக்... டிக்...

அந்தச் சத்தம் அவர்கள் காருக்குள் கேட்டது.

மரங்களுக்கு நடுவே ஒரு மண் ரோடு. வேன் மெதுவாக அதில் திரும்பியது. கிமோசோப்பின் கைக்குள் ஸ்டியரிங் தானாக இடது பக்கம் சுற்றியது. இழுத்துப் பிடித்தான். தோள்பட்டை வலித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் கண் அந்த மஞ்சள் இண்டிகேட்டரை விட்டு நகரவில்லை.

லேயாவின் கண் அங்கே இல்லை. வேன் திரும்பினதில் அதன் பக்கவாட்டு ஜன்னல் அவளுக்கு நேரே வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தது. பிளாஸ்க் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

"போடு" என்றாள்.

"என்னது?"

"லைட்டைப் போடு! லைட்டைப் போடுடா பாவி!"

அவன் மீது குறுக்கே விழுந்து அவளே எட்டினாள். அதற்குள் அவன் விரல் திருகிவிட்டது.

வெள்ளைச் சுவர்.

பெரிய விளக்கு எரிந்து, பனி முழுவதும் பால் மாதிரி முகத்தில் அடித்தது. ஒன்றுமே தெரியவில்லை. நெம்புகோலைத் தட்டினான். வெளிச்சம் கீழே இறங்கியது. ரோடு தெரிந்தது. தார். வெள்ளைக் கோடு. கோடு கோடாக மழை...

ரோட்டில் பச்சைக் கிளைகள் வரிசையாகக் கிடந்தன.

அவற்றுக்குப் பின்னால் குறுக்கே ஒரு லாரி.

பிரேக்.

இந்தத் தரம் பிடித்தது. கார் வழுக்கி, வாலை ஆட்டி, கிளைகளின் மேல் ஏறி நின்றது. இஞ்சின் அணைந்தது. லாரியின் பக்கப்பலகை பானெட்டுக்கு ஒரு கை தூரத்தில்.

முன்னால் வேன் இல்லை. பின்னால் வெளிச்சம் இல்லை. மழை மட்டும்.

மழைக் கோட்டுக்குள் சுருண்ட ஒரு ஆள் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினான். லாரி டிரைவர். மரக்கட்டை ஏற்றி வந்தவன், அச்சு முறிந்து நின்றுவிட்டதாம்.

"யோவ், உனக்குக் கண்ணு இருக்குன்னு லைட்டைப் போடாம வருவியா? லைட்டு நீ பார்க்கவா? நான் உன்னைப் பார்க்கறதுக்குய்யா! சாம்பல் கலர் கார், சாம்பல் கலர் பனி. திடீர்னு லைட்டு எரிஞ்சப்பதான் ஒரு வண்டி வருதுன்னே எனக்குத் தெரிஞ்சுது. வண்டி நிக்குதுன்னு காட்ட என் கிளீனர் அந்தக் கிளையைப் போட்டுக்கிட்டு இருந்தான். இப்பதான் எகிறிக் குதிச்சான்."

"அந்த ஊர்வலம் எந்தப் பக்கம் போச்சு அண்ணே?" என்றான் கிமோசோப்.

"எந்த ஊர்வலம்?"

"பொண வண்டி. பின்னாடி முப்பது நாப்பது வண்டி. இப்ப இந்த மண் ரோட்டுல திரும்பினாங்களே..."

டிரைவர் அவன் வாயருகே குனிந்து மோந்து பார்த்தான். "குடிச்ச மாதிரியும் தெரியல. நான் இங்கே பத்து நிமிஷமா நனையறேன். உன் பக்கத்துல இருந்து வந்த முதல் வண்டி நீதான். மண் ரோடா? டேய், இறங்கிப் பாரு."

இறங்கிப் பார்த்தான். அவன் ஸ்டியரிங் இழுத்த இடது பக்கத்தில் ரோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் பள்ளம். கீழே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். நாடா இல்லை.

பின் சீட்டிலிருந்து செமுதாயின் குரல் வந்தது, மிக மெல்லியதாக. "யாராவது... என்னைக் கூட்டிட்டுப் போங்களேன்..."

லாரி டிரைவரும் கிளீனரும் மரக்கட்டைகளைப் போட்டு, ரோட்டின் வலது ஓரத்துச் சேற்றில் வழி செய்து, தோள் கொடுத்துக் காரைத் தள்ளிக் கடத்திவிட்டார்கள். அங்கிருந்து எல்டோரெட் வரைக்கும் விளக்கு எரிந்தது. எதிரே வந்த ஒவ்வொருவனும் விரலை விரித்து மூடிக் காட்டினான். காட்டட்டும்.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். மழையில் பிறந்தவள் என்பதால் ஜெரோப் என்று பெயர் வைத்தார்கள்.

லேயா அதன் பிறகு மாறிப்போனாள். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வதில்லை. "திடீர்னு ஏன் லைட்டைப் போடச் சொன்னே அக்கா? அதுவரைக்கும் போடாதேன்னுதானே சொன்னே?" என்று அவன் பல தடவை கேட்டான். "விடு, தலைக்கு வந்தது போயிடுச்சு" என்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தன் ஊருக்குப் போய்விட்டாள்.

தையல் ஆறி, செமுதாய் எழுந்து நடமாட ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் சுரைக்குடுக்கையில் புளித்த பால் கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பச்சைக் கட்டம் போட்ட சால்வையைச் செமுதாயின் தோளில் போர்த்தினாள். மடியில் குழந்தை. யாரோ ஏதோ சொல்ல, செமுதாய் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

கிமோசோப் அப்படியே போனில் ஒரு படம் எடுத்தான். அருமையாக வந்திருந்தது. குடும்பத்துக் குரூப்பில் போட்டான்.

உடனே போன் அடித்தது. லேயா.

"யாரு எடுத்த படம் அது?"

"நான்தான் அக்கா. எப்படி இருக்கு?"

"எப்ப எடுத்தே?"

"இப்பதான். அந்தச் சால்வையே இன்னைக்கு வந்ததுதான்..."

"யாருக்கெல்லாம் அனுப்பினே?"

"எல்லாருக்கும்தான். குரூப்புல மாமா பெரிசு பண்ணி பிரேம் போடணும்கறாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அக்கா? என்னாச்சு? அழறியா?"

"அன்னைக்கு அந்தப் பொண வண்டியோட பக்க ஜன்னல்ல, பூ வளையத்துக்கு நடுவுல செத்தவங்க படம் மாட்டியிருந்துச்சு மாப்ளே. நீ பார்க்கல. நான் பார்த்தேன், அதான் லைட்டைப் போடுன்னு கத்தினேன்" என்றாள் லேயா. "பச்சைச் சால்வை. மடியில குழந்தை. தலையைச் சாய்ச்சு இதே சிரிப்பு... இதே படம்."