இல்லாத ஆட்டுக்குத் தழை

அருள்செல்வியிடம் ஓர் ஆடு இருந்தது. அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பொன்னியம்மாவைக் கேட்டால் அதன் அடையாளமே சொல்வாள்: கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆறு வருஷமாக அந்த ஆட்டுக்குத் தீனி போட்டு வந்தவளே அவள்தான். மேனாம்பேட்டில் அருள்செல்வி குடியிருந்த ஒற்றை அறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மட்டும் அப்படி ஓர் ஆடு கிடையாது.

அந்த ஆடு பிறந்தது ஒரு சாயங்காலம். லேத் பட்டறையில் வேலை செய்த கணவர் ஜோசப்ராஜ் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அருள்செல்வி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு படித்த மகள் ஜெனிஷா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழ, ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், "ரத்தம் எட்டுதாம்மா இருக்கு. தினம் கீரை குடுங்க, முட்டை குடுங்க" என்று சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். வாடகையும் பள்ளிக்கூடமும் தின்றதுபோக மிஞ்சியது ரேஷன் அரிசிக்கே இழுபறி.

வேலை முடிந்து வரும் வழியில், பொன்னியம்மா கடை ஓரம் காலிஃபிளவரில் நறுக்கித் தள்ளிய இலையும், திருகிப் போட்ட முள்ளங்கித் தழையும், பீட்ரூட் தழையும் குவிந்து கிடந்தன. அருள்செல்வி குனிந்து ஒரு கை அள்ளினாள்.

"இன்னாமே, ஆட்டுக்கா?" என்றாள் பொன்னியம்மா.

பக்கத்தில் அவள் ஜெபத்துக்குப் போகும் சபையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். என் பிள்ளைக்கு என்று அந்த இடத்தில் சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு வரும்?

"ஆமாக்கா, ஆட்டுக்குத்தான்" என்றாள்.

என்ன ஆடு என்று பொன்னியம்மா கேட்க, கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து தினம் ஒரு மஞ்சள் பை அவளுக்காகக் கடைக்கு அடியில் காத்திருந்தது.

மற்றவர்கள் எறிந்ததை எடுத்தாள் என்பதால் அந்த வீட்டில் ஏனோதானோவென்று சமையல் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தழையை உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் அலசுவாள். பீட்ரூட் தழைக்குப் பூண்டு தட்டிப் போட்டுப் பொரியல், முள்ளங்கித் தழைக்குப் பாசிப்பருப்பு. காலிஃபிளவர் தண்டைத் தோல் சீவிச் சாம்பாரில் போட்டால் பெரிய ஹோட்டல்காரன்கூட என்ன காய் என்று கேட்பான். தெருவில் கரண்ட் கம்பியில் உரசும் முருங்கைக் கிளையை ஈ.பி.காரர்கள் வெட்டும் நாளில் அவளுக்கு லீவே கிடைக்காது, ஆனாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து இரண்டு கிளை வாங்கிவிடுவாள். மீன் கடை மூடும் நேரத்துக்குத் தலை, முட்டைக் கடையில் விரிசல் விட்டது. ஜெனிஷா ப்ளஸ் டூவுக்கு வந்தபோது ரத்தம் பன்னிரண்டு. அந்த டெஸ்ட் சீட்டை அருள்செல்வி பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

இந்த ஆடி மாதம்தான் வினை வந்தது. பொன்னியம்மாவின் மகன் சரண் பைக்கிலிருந்து விழுந்து பத்து நாள் கண் திறக்காமல் கிடந்து பிழைத்தான்.

"அருளு, அந்தச் சுட்டி ஆட்ட எனக்குக் குட்த்துடுமே. புள்ள பொழச்சா ஆத்தாளுக்கு ஆடு வெட்றேன்னு வேண்டிகினேன்."

அருள்செல்வி பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வேற ஆடு வாங்கிக்கயேன்க்கா."

"வேற ஆடு இன்னாத்துக்கு? இது என் கட தழைய துன்னு வளந்த ஆடு. நானே வளத்தா மாரி. நேத்து சந்தையில வாங்குன ஆட்ட இயுத்துகினு போயி ஆத்தாளயே ஏமாத்தச் சொல்றியா?"

"இல்லக்கா... படையலுக்குக் குடுத்தா எங்க சபையில ஒத்துக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆடு என்ற பொய்யை ஆறு வருஷம் சுமந்தாயிற்று. அதைக் காப்பாற்ற இப்போது கர்த்தரையும் இழுத்தாயிற்று. உண்மையைச் சொன்னால் பை நின்றுபோகும், கூடவே மானமும் போகும். அன்று ஜெபத்துக்கு உட்கார்ந்தவள் வாயே திறக்காமல் எழுந்தாள்.

பொன்னியம்மா விடுகிற ஆள் இல்லை. மறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை, ஆட்டுக்கு. வாசல்படியில் ஜெனிஷா முறத்தில் காலிஃபிளவர் இலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் பை.

"ஆட்ட எங்க கண்ணு கட்டிக்கீறீங்க?"

"ஆடா? எங்க ஊட்ல ஏது ஆடு?" என்றாள் ஜெனிஷா.

உள்ளே அடுப்படியில் இருந்த அருள்செல்விக்கு அது கேட்டது. வெளியே வந்தாள். பொன்னியம்மா பையைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், ஜெனிஷாவைப் பார்த்தாள். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திட்டப் போகிறாள், தெருவே கூடப் போகிறது என்று அருள்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னியம்மா படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கால்லயே தள்ளுனேனேமே" என்றாள். "சாக்கடையாண்ட கெடந்தத எல்லாம் தொடப்பத்தால கூட்டி அள்ளிப் போட்டேனே. ஆட்டுக்குத்தானேன்னு. அய்யோ, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?" தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூணு தடவ கழுவிட்டுத்தான்க்கா செய்வேன்" என்றாள் அருள்செல்வி. அதற்கு மேல் முடியவில்லை. புருஷன் போனபோதுகூட மகளுக்குப் பயந்து அடக்கிக்கொண்ட அழுகை, வாசலிலேயே வந்துவிட்டது. ஜெனிஷா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். ஆட்டின் பெயரில்தான் பை வந்தது என்பது அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "வெரதம் கீறேன், கவுச்சி வாணாம். அந்தத் தழையில இன்னிக்கி இன்னா செஞ்சிருக்கியோ, அதப் போட்டு ரெண்டு வாய் சோறு குடு."

பீட்ரூட் தழைப் பொரியலைச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவும்போது, "ஆத்தாளுக்குக் கூழ் ஊத்திக்கிறேன், அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள். அகத்திக்கட்டை முறத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்த அருள்செல்வி, கடைக்கு எதிர்ச் சாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பி, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். கடையில் கூட்டம். சபைப் பெண்களும் நின்றார்கள்.

"இன்னாமே அருளு, ஆட்டுக்குத் தழ வாணாமா?"

மார்க்கெட்டுக்கே கேட்கும்படி கத்தினாள் பொன்னியம்மா. அருள்செல்வி திரும்பினாள். பை கடைக்கு அடியில் இல்லை. தராசுக்குப் பக்கத்தில், தக்காளிக் கூடைக்கு மேலே இருந்தது. தழை கழுவி, வாழைநாரில் கட்டி, இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னுமா அந்த ஆட்டை வச்சிக்கிட்டிருக்கே?" என்றாள் சபைப் பெண்களில் ஒருத்தி. "நல்ல விலை வரும்போதே வித்துடலாமே."

"அது விக்கிற ஆடு இல்லம்மா" என்றாள் பொன்னியம்மா, பையை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டியபடி.

அருள்செல்வியும் இரண்டு கைகளால் வாங்கிக்கொண்டாள்.