வண்டி வராத தடம்

என் நோய் திங்கட்கிழமைகளில்தான் வந்தது. ஞாயிறு முழுக்க நன்றாக இருப்பேன். திங்கள் காலை ஷிப்ட்டுக்குப் போய் நாலைந்து மணி நேரம் ஆனதும் நெஞ்சைத் துண்டால் இறுக்கிக் கட்டியதுபோல் ஆகிவிடும். புதன், வியாழனில் கொஞ்சம் தளரும். சனிக்கிழமை மறந்தே போகும். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறுதான் செரிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டி நாலு மாதம் கறியை நிறுத்தினேன். என் மனைவி சரஸ்வதி அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் ப்ளோரூம் மேஸ்திரியாக இருந்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளை மறுபடி பஞ்சாக்கி நூல் இழுக்கிற மில். ப்ளோரூம் என்றால் பஞ்சை அடித்துப் பிரிக்கிற அறை. ஜன்னல் வெயிலில் பார்த்தால் தூசி பறப்பது கண்ணுக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் சுவாசித்தேன். முகக்கவசம் கொடுப்பார்கள், அது கழுத்தில் தொங்கும். வாயைக் கட்டிக்கொண்டு எப்படி ஆட்களை வேலை வாங்குவது?

மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்க ஆரம்பித்த பிறகு, சரசு என்னைக் கோவையில் நுரையீரல் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஓர் ஊதுமானி கொடுத்தார் (ஒரே மூச்சில் எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே தள்ள முடிகிறது என்று காட்டும் பிளாஸ்டிக் குழாய்).

“தினமும் நாலு வேளை ஊதி இந்தத் தாள்ல எழுதுங்க. வேலை நாள், லீவு நாள் எதையும் விடாதீங்க. மில்லுனால வருதான்னு இதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.”

அந்த ‘மில்லுனால’தான் எனக்குப் பிடிக்கவில்லை. மில்தான் காரணம் என்று தெரிந்தால் ப்ளோரூமை விட்டு எடுத்துவிடுவார்கள். உடம்பு முடியாதவர்களை உட்கார வைக்கும் இடம் கேட் பக்கத்து எடைமேடை. பதினெட்டுப் பேரை வேலை வாங்கியவன் லாரிகளுக்குச் சீட்டு எழுதுவதா என்று நினைத்தாலே எனக்கு அவமானமாக இருந்தது.

அதனால் எனக்குக் கைவந்த ஒரு வேலையைச் செய்தேன். வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது தீயணைப்புப் பயிற்சி, முதலுதவிப் பெட்டி, தரை கூட்டியது என்று எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர் கேட்பார்கள். விட்டுப்போன மூன்று மாதத்தை ஒரே மத்தியானத்தில் நிரப்பிவிடுவேன். சந்தேகம் வராமல் இருக்க ஊதாப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றி எழுதுவேன். டாக்டரம்மாவின் தாளையும் அப்படித்தான் நிரப்பினேன். எல்லா நாளும் முன்னூற்று எண்பது, முன்னூற்றுத் தொண்ணூறு. அசல் ஆடிட் வேலை.

அவர் தாளைப் பார்த்தார். “வேலை நாளுக்கும் லீவு நாளுக்கும் வித்தியாசமே இல்லீங்களே. அப்ப மில்லு காரணமில்லைங்க, ஆஸ்துமாதான்” என்றார். தினமும் இழுக்க ஒரு மருந்து பம்ப்பும் (இன்ஹேலர்), மூச்சு முட்டினால் இழுக்க நீல நிற பம்ப் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். சைக்கிள் ஓட்டச் சொன்னார். “மெயின் ரோடு மட்டும் வேண்டாங்க. லாரிப் புகை ஆகாது.” தப்பித்தேன் என்று சந்தோஷமாக வீடு வந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது.

எங்கள் பக்கம் வண்டி வராத தடத்துக்குக் குறைச்சல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இட்டேரி தொடங்கும். இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலி, நடுவில் மண் தடம், அதைத்தான் இட்டேரி என்போம். அதில் மூன்று கிலோமீட்டர் போனால் காத்தாடி ரோடு. காற்றாலைகளுக்கு இயந்திரம் கொண்டுபோகச் சரளை கொட்டிப் போட்டது. வேலை முடிந்த பிறகு அதில் ஆடுகள்தான் நடக்கின்றன. அது முடியும் இடத்தில் கரடு, அதாவது பாறையும் சீமைக் கருவேலமுமாக நிற்கும் சிறு குன்று. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு சரளை ஏற்றம் போகிறது. காரில் வந்தால் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும். ஒல்லி டயர் போட்ட சைக்கிளில் வந்தால் முள் தைக்கும். தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்று வாங்கினேன்.

சரசு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். முதல் வாரம் மொபெட்டில் கூட வந்தாள், அதுவும் எனக்கு முன்னால். அந்தப் புகையில் நான் இருமிய இருமலைப் பார்த்துவிட்டு மறுவாரமே கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றோடு வந்து நின்றாள். “உங்கள நம்பி அந்தக் கரட்டுக்குத் தனியா உடமாட்டனுங்க” என்றாள்.

ஆறு மாதம் ஓட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரட்டைச் சுற்றி வந்துவிடுவேன். சைக்கிள்தான் என்னைக் குணப்படுத்துகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை மட்டும் யாரிடமும் பேசமாட்டேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு கெடா விருந்தில் போய்விட்டது. ஓட்டத்தைத் திங்கள் சாயங்காலத்துக்குத் தள்ளினோம். ஷிப்ட் முடிந்து வந்து, கிளம்பும் முன் ஊதினேன். இருநூற்று அறுபது.

“எவ்வளவுங்க?” என்று வாசலிலிருந்து கேட்டாள் சரசு.

“நானூறு.”

நீல பம்ப்பை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். நானூறு என்று சொல்லிவிட்டு அதை எடுத்தால் அவள் கேட்பாளே!

மேற்கே போகிற தடம். ஆடிக்காற்று முகத்துக்கு நேராக அடித்தது. கரட்டு ஏற்றத்தின் பாதியில் பின் சக்கரம் சரளையில் வழுக்கியது, காலை ஊன்றினேன். அதற்குமேல் ஒன்றும் முடியவில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விடத்தான் முடியவில்லை. நெஞ்சுக்குள் விசில் சத்தம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

சரசு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “உக்காருங்க. முன்னால குனிஞ்சு முட்டி மேல கைய ஊனுங்க. பேசாதீங்க!” தன் கூடையிலிருந்து இன்னொரு நீல பம்ப்பை எடுத்தாள். நான் மறப்பேன் என்று ஆறு மாதமாக அதைச் சுமந்திருக்கிறாள். டாக்டரம்மா சொல்லித் தந்தபடி ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்துவைத்து மெதுவாக இழுக்க உதவும் குப்பி) மாட்டி, ஒவ்வொரு இழுப்பாகக் கொடுத்தாள். இடையில் செல்போனைப் பார்த்தாள். சிக்னல் இருந்தது. ஆனால் எந்த ஆம்புலன்ஸ் அங்கே ஏறும்? வண்டி வராது என்பதற்காகவே நான் தேடிப் பிடித்த தடம் அது.

கால் மணி நேரத்தில் விசில் அடங்கியது.

“ஏனுங்க, கெளம்பறப்ப நெசமா எவ்வளவு?”

சொன்னேன். டாக்டரம்மா தாளையும் பொய்யாக நிரப்பியதைச் சொன்னேன். இரண்டு பேனாவையும் சொன்னேன். அவள் பம்ப்பையும் ஸ்பேசரையும் கூடையில் திரும்ப வைத்தாள்.

“நான் செக்கிங்ல ஓட்டை இருக்கற பீசுக்கு ஸ்டிக்கர் ஒட்டித் தனியா வெப்பேன். நீங்க ஓட்டைய உள்ள மடிச்சு வெச்சுப் பேக் பண்ணியிருக்கீங்க. போட்டுக்கப் போறவ நான்தானுங்களே” என்றாள். பிறகு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மேஸ்திரி வேலை போனால் வரும் என்று பயந்த வெட்கமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு மெதுவாகத் தார்ரோடு வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பழைய தாளை எடுத்து மறுபடி பார்த்தார். “பேனா வேற மாத்தியிருக்கீங்க” என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. “இந்த ஆறு மாசமும் அந்த ரூம்லயே நின்னிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தா உட்டிருப்பனுங்களா?”

நான்கு வாரம் நிஜமாக ஊதி எழுதினேன். திங்கள் மத்தியானம் பள்ளம், ஞாயிறு மேடு. வாராவாரம் அதே பள்ளம், அதே மேடு. பிசினோசிஸ் என்றார் (பஞ்சுத் தூசியால் மூச்சுக்குழல்கள் சுருங்கும் நோய்). ப்ளோரூமை விட்டால் நோய் முற்றாமல் நிறுத்தலாம், போன நுரையீரல் பலத்தில் கொஞ்சம் திரும்பாமலும் போகலாம் என்றார்.

இப்போது எடைமேடையில் இருக்கிறேன். காற்றோட்டமான இடம். முதல் மாதம் பழைய ஆட்கள் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதினேன். பிறகு அவர்களே வந்து டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். முகக்கவசத்தைக் கழுத்தில் போட்டு வருகிறவனை அங்கேயே நிறுத்தித் திட்டுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் மில்லுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்தின் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகினால் கறிச்சோற்றைக் குற்றம் சொல்லாமல் டாக்டரிடம் போங்கள். தாளில் வந்ததை வந்தபடி எழுதுங்கள்.

என் வாரம் மாறிவிட்டது. திங்களும் வியாழனும் இப்போது ஒன்றுபோல் இருக்கின்றன. முன்பு நேரம் என்றால் எட்டு மணி நேர ஷிப்ட். இப்போது ஒரு காத்தாடியிலிருந்து அடுத்த காத்தாடி வரை ஒரு நேரம். நடுவில் நின்றால் அதுவும் ஒரு நேரம்தான். உடம்பு என் பேச்சைக் கேட்கும் என்று இருபத்திரண்டு வருஷம் நம்பியிருந்தேன். இப்போது அதன் பேச்சை நான் கேட்கிறேன்.

போன ஞாயிறு கரட்டுக்குப் போனோம். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு நீல பம்ப். பாதி ஏற்றத்தில் நெஞ்சு லேசாக இறுகியது. இறங்கி, கல்லில் உட்கார்ந்து ஊதினேன். சரசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தின் உச்சிக்குப் போய்விட்டிருந்தாள்.

“எவ்வளவுங்க?” என்று மேலிருந்து கத்தினாள்.

“முன்னூத்திப் பத்து!” என்று நானும் கத்தினேன். கத்துவதற்கு மூச்சு இருந்தது.