டெண்டருக்குக் கரை போட்ட பெட்ஷீட்

சிறிய தறிக்காரர்களுக்கு அரசு டெண்டர் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆஸ்பத்திரி பெட்ஷீட் டெண்டருக்கு இன்று மூன்று மணிக்குள் மாதிரித் துணி கொடுக்க வேண்டும். ஏகாம்பரம் அண்ணனின் நான்கு தறிக்கும் இந்த வருட வேலை இதை நம்பித்தான்.

டெண்டர் அலுவலகத்தில், அண்ணனும் நானும் கொண்டுபோன பார்சலைப் பிரித்த மேடம் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை பெட்ஷீட்டின் இரண்டு பக்கமும் அரக்குக் கரை. அதில் வரிசையாகக் கோபுரங்கள்.

"கரை இல்லாத வெள்ளைன்னு தெளிவா போட்டிருக்குதே சார்?"

"கரை இல்லாம எப்டிம்மா அனுப்புறது? ஊர்ல மானம் போயிடும்" என்றார் அண்ணன்.

"வெட்டிடலாமாண்ணா?" என்றேன். காதை அறுக்கச் சொன்னது போலப் பார்த்தார். வெட்டினால் அகலமும் குறையும்.

"சீக்காளி பாவம்பா. வெறும் வெள்ளையப் பார்த்துக்கினே படுத்துக்கினு இருக்கணுமா?"

போன சித்திரையில், கடைசி நாட்களில், என் மனைவி அப்படித்தான் படுத்திருந்தாள். "இந்த பெட்ஷீட்டுக்கு இன்னும் டிசைன் லோட் ஆகலையாப்பா?" என்று அவள்தான் என்னைச் சிரிக்க வைத்தாள்.

மேடம் கடிகாரத்தைக் காட்டினார். அண்ணன் பைக்கில் பறந்து, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கரையில்லாத ஒன்றோடு வந்தார்.

"மொதல்ல நெய்தது இதான் தம்பி. வெளிய காட்டக் கூச்சமா இருந்துது. பீரோல பூட்டி வெச்சுட்டேன்."

வாங்கிக்கொண்டார்கள்.

டெண்டர் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனாலும் 'கரை இருக்கலாம்' என்று அடுத்த முறை ஒரு வரி சேர்க்கச் சொல்லி யாருக்கு மனு போடுவது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கோபுரம் கூடாது என்றால் மயிலுக்கும் அண்ணன் தயார்.