சிவப்பு அணியின் இரவல் கீப்பர்

என் அப்பா எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர். ஆனால் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் கால்பந்தைப் பற்றி அவரிடம் இருந்த அளவு அபிப்பிராயம் லண்டனில் வேறு ஒருவரிடமும் இருந்திருக்காது. எங்கள் ஆட்கள் கல்லூரி என்று சொல்வது பள்ளிக்கூடத்தைத்தான். ஆறாம் வகுப்பில் உள்ளே போவார்கள். பதினெட்டு வயதில் வெளியே வருவார்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். சாகும்வரை அதற்குள்ளேயேதான் இருப்பார்கள். இரண்டு மூன்று நாடு தாண்டி லண்டனுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம், ஒரு கொடி, ஒரு நிறம், ஒரு கால்பந்து அணி. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் கூடி, ஊரில் வாங்கிய பழைய தோல்விகளுக்கெல்லாம் பழி தீர்க்கும்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர். மாட்ச் நாட்களில் கல்லூரி மதிலுக்கு வெளியே சைக்கிள் கரியரில் ஏறி நின்று பார்த்தவராம். ஆகையால் எந்தக் கொடிக்குக் கீழும் நிற்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை. "எனக்கு ஒரு ரீமும் இல்லை. அதாலதான் எல்லாற்ற பிழையும் வடிவாத் தெரியுது" என்பார்.

அந்த நடுநிலைமையை அவர் ஒரு பதவி போல வைத்திருந்தார். சிவப்புக் கல்லூரி உயரமான பெடியன்களாகப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு வானத்துக்கு அடிக்கிறதாம். பந்து என்ன பட்டமா என்று கேட்பார். நீலக் கல்லூரி கோயில் பிரசாதம் மாதிரிப் பந்தை எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் கோலைப் பற்றி யோசிக்குமாம். மஞ்சள் அணியைக் கமிட்டி கூடித் தெரிவு செய்வதால் பந்தையும் கமிட்டி கூடித்தான் அடிக்கவேண்டுமாம். தீவுப்பக்கத்துப் பச்சை அணி மட்டும் நன்றாக விளையாடும், அவர்களுக்குக் கோச் இல்லாதபடியால். கோச்மாரைப் பற்றி அவருக்கு ஒரு தனிக் கொள்கை இருந்தது. "கோச் எண்டவன் சனி வரைக்கும் கத்தவேணும், ஞாயிறு வாயை மூடவேணும். இவங்கள் மாறிச் செய்யிறாங்கள்."

அவர் வேலை செய்த பெற்றோல் ஷெட்டுக்கு வருகிறவர்கள்கூட, "அண்ணை, இந்த முறை ஆர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அண்ணை எந்தக் கல்லூரி என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்கப்போகிறார்கள் என்று முகத்தில் தெரிந்தால் அப்பா கோர்னர் கிக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அம்மாவுக்குக் கால்பந்து தெரியாது. ஒவ்வொரு வருடமும் நாங்கள் புறப்படும்போது என் கொலரைச் சரிசெய்தபடி ஒன்றுதான் சொல்வார்: "ஆர் கேட்டாலும் லண்டன் எண்டு சொல்லு. ஊர்க்கதை கதைக்காத." தெரியாதவர் இனிப்புத் தந்தால் வாங்காதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அந்த வகை எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு இருந்த மனோர் பார்க்கிலிருந்து இரண்டு ரயில் மாறி, ஒரு பஸ்ஸும் பிடித்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோல்ஸ் பொரிக்கும் மணம். ஒலிபெருக்கியில் யாரோ காரை எடுக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வழமைபோல என்னை மறந்துவிட்டு, நீலமும் பச்சையும் விளையாடிய மாட்ச்சின் ஓரத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னோடு படிக்கும் நண்பன் சிவப்பு ஜேர்சியோடு ஓடிவந்தான்.

"எங்கட கீப்பருக்கு சிக்கன் பொக்ஸ்டா. நீ ஸ்கூல்ல கீப்பர்தானே? வா."

சிறுவர் போட்டிக்கு ஒரு விதி உண்டு. அப்பா எந்தக் கல்லூரியோ, பிள்ளைக்கு அந்த நிறம். அதனால்தான் வருடா வருடம் நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கினேன். விதி எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் பின்னால் போனேன்.

சிவப்புக் கூடாரத்தில் ஒரு கட்டுப் படிவங்களோடு ஒருவர் நின்றார். சங்கத்தின் செயலாளர். "தம்பி, அப்பா எங்கட கல்லூரியோ?"

"ஓம் அங்கிள்." அந்த ஓம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"எந்த பட்ச்?"

பட்ச் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ரீசேட்டின் நெஞ்சில் பட்ச் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வருடம் அச்சடித்திருந்தது. அதை அப்படியே வாசித்தேன். அவருடைய முகம் மலர்ந்தது.

"அட, அது என்ர பட்ச் எல்லோ. ஆரடா உன்ர அப்பா?"

படிவத்தின் கட்டங்களை மளமளவென்று நிரப்பிக் கொடுத்தேன். அவர் அப்பாவின் பெயரை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். "இந்தப் பேரில எங்களோட ஆரும் படிக்கேல்லையே. சரி, பட்டப்பேர் தெரிஞ்சா ஆளைப் பிடிச்சிடுவன். மத்தியானம் பட்ச் போட்டோ இருக்கு, அதுக்குள்ள பிடிக்கிறன்."

ஜேர்சி என் முழங்கால்வரை வந்தது. கோலுக்குள் போய் நின்றபோது முழு மைதானமும் எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. பந்து நடுவில் எங்கோ கிடந்தது. நான் பார்த்தது செயலாளரை. படிவக் கட்டோடு அவர் ஓரக்கோட்டு வழியே ஒவ்வொரு கூட்டமாக நின்று, என் பக்கம் கையைக் காட்டிக் காட்டி விசாரித்துக்கொண்டு வந்தார். அதே கோட்டின் மறு முனையில் அப்பா கச்சான் கடலைச் சுருளோடு யாருக்கோ சிவப்பு அணியின் கோச் செய்யும் பிழைகளை விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று கூட்டம் இருந்தது. பிறகு இரண்டு. எனக்குக் கை வியர்த்துக் கையுறைக்குள் வழுக்கியது. ஒண்ணுக்கு வந்தது.

அப்போது அப்பா என்னைக் கண்டார். கச்சான் மென்ற வாய் நின்றது. ஏசுவார் என்று பார்த்தேன், கையசைத்துக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. கச்சானைச் சுருட்டிப் பொக்கெற்றில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அப்பா வாயைத் திறக்காமல் ஒரு மாட்ச் பார்த்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

செயலாளர் அப்பாவின் தோளில் கைவைத்த அதே நேரத்தில் பந்து என் இடது பக்கத்தால் மெதுவாக உருண்டு உள்ளே போனது. ஒரு குழந்தைகூட மறித்திருக்கும். கோச் தலையில் கைவைத்தார். எங்கள் உயரமான பெடியன்கள் வானத்துக்கு அடித்து எப்படியோ இரண்டு கோல் போட்டபடியால் வென்றுவிட்டோம். அடுத்தது பைனல். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். கூடாரத்துக்குள் போக எனக்குக் கால் வரவில்லை.

உள்ளே, ஒரே ரீசேட் போட்ட ஆறேழு பேருக்கு நடுவில் அப்பா நின்றார். செயலாளரின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது.

"மச்சான், ஆளைக் கொண்டுவந்திட்டன். ஆருக்கேனும் பிடிபடுதோ? ஏ கிளாஸோ பி கிளாஸோ?"

எல்லாரும் அப்பாவின் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பெடியன் பிழையாச் சொல்லிப்போட்டான்" என்றார் அப்பா. "நான் உங்கட கல்லூரி இல்லை. ஒரு கல்லூரியும் இல்லை. மதிலுக்கு வெளியால நிண்டு பாத்த ஆள்."

ஏசப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் சிரித்தார்கள். கோச்தான் பெரிதாகச் சிரித்தார். "காலமையில இருந்து பாக்கிறன், எல்லா ரீமுக்கும் பிழை சொல்லிக்கொண்டு திரியிறீங்கள். எங்கட ரீமில என்ன அண்ணை பிழை?"

"கீப்பர்தான். ஆள் மாறி நிக்கிறார்."

மறுபடி சிரிப்பு. கோச் செயலாளரைப் பார்த்து, "சட்டத்தைப் பிறகு பாப்பம், எனக்கு பைனலுக்குக் கீப்பர் வேணும்" என்றார். செயலாளரும் நல்ல மனிதர்தான். கட்டுக்குள் தேடி வேறு நிறப் படிவம் ஒன்றை இழுத்தெடுத்தார்.

"விருந்தாளி வீரர் எண்டு ஒரு போர்ம் இருக்கு அண்ணை, ரெண்டு நிமிச வேலை. எங்கட ஆக்களில ஒராள் உங்களைத் தெரியும் எண்டு கையெழுத்து வச்சாச் சரி. ஊர் எது?"

அப்பா ஊரின் பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அட, என்ர மனுசின்ர ஊர். பிறகென்ன? உங்க எந்தக் குறிச்சி? ஆரின்ர மகன் நீங்கள்? சொல்லுங்கோ, இப்பவே மனுசியிட்டக் கேக்கிறன். அந்த ஊரில அவவுக்குத் தெரியாத ஆக்கள் இல்லை." தோளில் இருந்த கையை எடுத்துப் போனை வெளியே எடுத்தார்.

அப்பா கோர்னர் கிக்கைப் பற்றித் தொடங்கினார். சிவப்பு அணி கோர்னர் அடிக்கும்போது பின்னால் ஒருவரையும் விடுவதில்லை, பச்சை அணி அதற்காகத்தான் காத்திருக்கும், இடது பக்கப் பெடியன் இன்னும் நாலடி உள்ளே நிற்கவேண்டும். கோச் தலையாட்டிக் கேட்டார். செயலாளர் கேட்கவில்லை. பெருவிரலைப் போனின் மேல் வைத்தபடி, சிரித்த முகத்தோடு, அப்பா முடிக்கட்டும் என்று காத்து நின்றார். அப்பாவின் கதை நடுவழியில் நின்றுபோனது.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கவுன்சில் கடிதம் வந்தாலும் பெனிபிட் படிவம் வந்தாலும் வாசிப்பதும் நிரப்புவதும் நான்தான். பேனையைக் கையில் கொடுத்தால் அப்பாவுக்கு விரல் நடுங்கும். இத்தனை பேருக்கு முன்னால் எழுதச் சொல்லப்போகிறார்கள், அதற்குத்தான் பயப்படுகிறார், பாவம். "நான் எழுதுறன் அங்கிள்" என்று பாய்ந்து பேனையை வாங்கினேன். "அப்பா, குறிச்சி எண்டா என்ன? சொல்லுங்கோ, எழுதுறன்."

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. பேனையை விரல்களுக்குள் இருந்து பிரித்தெடுத்துச் செயலாளரின் கட்டின் மேல் வைத்தார்.

"கழட்டு" என்றார்.

"அப்பா, பைனல்."

"ஜேர்சியைக் கழட்டடா."

கோச் ஏதோ சொல்லிப் பார்த்தார். செயலாளர் போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "சரி அண்ணை, உங்கட விருப்பம்" என்று போனை உள்ளே வைத்தார். கை மறுபடி தோளுக்குப் போகவில்லை. நான் பெனியனோடு வெளியே வந்தேன். ஆடி மாதமென்றாலும் லண்டன் காற்று குளிர்ந்தது.

ஊர், ஊருக்குள் எந்தப் பகுதி என்ற குறிச்சி, யாருடைய மகன் என்ற மூன்றுக்கும் பதில் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சாதி தெரிந்துவிடும், அதை மட்டும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. ரெய்னர்ஸ் லேனில் ஒரு நண்பனின் வீட்டுச் சோபாவில், கையில் தேநீரோடு, அதே மூன்று கேள்விகளை அதே வரிசையில் அதே சிரிப்போடு ஒருவர் என்னிடம் கேட்டார். அன்றைக்குக் கூடாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்கு எழுத்துக் கஷ்டம், என் பொய்யால் அவர் அவமானப்பட்டார், சிவப்பு அணிக்குக் கீப்பர் இல்லை என்பவை மட்டுமே.

கிண்ணம் கொடுக்கும்வரை நின்று, கொடுப்பவரின் பேச்சுக்கும் பிழை சொல்லிவிட்டுத்தான் அப்பா வழமையாகக் கிளம்புவார். அன்றைக்கு பைனல் தொடங்குமுன்பே பஸ் தரிப்பில் நின்றோம். அடுத்த வருடம் அவருக்கு அந்த ஞாயிறு ஷிப்ட் விழுந்தது. அதற்கடுத்த வருடமும் விழுந்தது.

ரயிலில் அவர் எனக்கு எதிரே இருந்தார். பொய்க்கு அடி உண்டு, வீட்டுக்குப் போனதும் விழும் என்று எண்ணி, நிலையங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் பார்க்கவில்லை. கச்சான் சுருளை எடுத்தார், பிரித்தார், தின்னாமல் திரும்பச் சுருட்டினார்.

"டேய்."

"ம்."

"காலமை குடுத்த பேப்பரில சொந்த ஊர் விலாசம் எண்டு ஒரு இடம் இருந்ததோ?"

"ஓம்."

"அது அவனிட்டத்தானே இருக்கு?"

"ஓம்."

அவர் முன்னால் குனிந்தார். சத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. "அதில என்ன எழுதினனி?"

படிவத்தின் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நான் கொஞ்சம் தடுமாறித்தான் இருந்தேன். லண்டன் என்று சொல்லத்தான் அம்மா சொல்லியிருந்தார். ஆனால் அங்கே நின்ற எல்லாருமே லண்டன்தானே, அதை எழுதினால் குறைத்து மார்க்ஸ் போடுவார்கள் என்று பட்டது.

"மனோர் பார்க்."

அப்பா அசையவில்லை. "திருப்பிச் சொல்லு."

"மனோர் பார்க். முருகன் கோயிலுக்குக் கிட்ட எண்டும் எழுதினனான்."

முதலில் அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து எழும்பினேன். சிரிப்பு. பெட்டியில் இருந்தவர்கள் போனிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்குமளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். கச்சான் சுருளைப் பிரித்து முழுவதையும் என் கைக்குள் கொட்டினார்.

"பிழையோ அப்பா?"

"இல்லை. சரி. இனியும் எவன் கேட்டாலும் அதையே எழுது."

எனக்கு அது சரியான விடை அல்ல என்று தெரியும். சொந்த ஊர் என்றால் அவர்களுடைய ஊரைத்தான் கேட்கிறார்கள் என்று படிவத்தைக் கொடுத்த மறு நிமிடமே விளங்கியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தானே, அப்பாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தேன். அவரைத் திருத்தினால் நினைவு வந்து அடிப்பாரோ என்ற பயத்தில், வாய் நிறையக் கச்சானோடு, வீடு வரும்வரை பேசாமல் இருந்தேன்.